இந்தியக் கால்பந்தின் சரித்திரம் – ஒன்பதாம் அத்தியாயம்: மேடும் பள்ளமும்

சென்ற அத்தியாயத்தை, 1977-ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியோடு நிறுத்தியிருந்தோம். கல்கத்தாவின் கீர்த்தி வாய்ந்த மோகன் பகான் அணியை இறுதி ஆட்டத்தில் ஒரே கோலில் வென்று, பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் அணி கோப்பையைக் கைக்கொண்ட செய்தியைப் படித்தபோது வாசகர்களில் சிலருக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் எழுந்திருக்கும்: டூரண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. கேடயம், சந்தோஷ் டிராபி என்று இத்தனை கோப்பைகளை ஏற்படுத்திக்கொண்ட ஒரு தேசம், தனக்கென்று ஒரு லீக்கை மட்டும் ஏன் ஏற்படுத்திக்கொள்ளவில்லை? கோப்பைக்கும் லீக்குக்கும் பேதந்தான் என்ன? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இந்த அத்தியாயத்தின் காரியம். அந்த விடையில் பாதி எனக்குக் கிடைத்த இடம், ஜவ்வாது மலையில் அறுவடை முடிந்து கிடந்த ஒரு சாமைக் கொல்லை.

போளூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டே ஏறும் பஸ்ஸில் ஜமுனாமரத்தூருக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பிற்பகலில், ஊருக்குச் சற்று வெளியே, மலைச் சரிவில் இருந்த அந்தக் கொல்லையில் சிறுவர்கள் பந்தாடிக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றேன். கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரண்டிரண்டு கற்கள். தோல் உரிந்த ஒரு பந்து. காலில் செருப்பில்லாத பதினான்கு பேர். வரப்பின்மேல் முறை வருமென்று காத்திருந்த இன்னும் ஏழு பேர். சமதளம் அபூர்வமான அந்த மலையில், ஆடுகளத்தின் ஒரு முனை மேடாகவும் மறுமுனை பள்ளமாகவும் இருந்தது. மேட்டிலிருந்து உதைப்பவனுக்குப் பந்து தானே ஓடி உதவி செய்கிறது. பள்ளத்திலிருந்து உதைப்பவனோ பந்தோடு மட்டுமன்றிப் பூமியோடும் போராட வேண்டியிருக்கிறது. பந்து களத்தைக் கடந்து கீழே உருண்டுவிட்டால், உதைத்தவனே மரங்களுக்கிடையே இறங்கி எடுத்துவர வேண்டுமென்பது அவர்களுடைய சட்டம். அதனினும் முக்கியமான வேறொரு சட்டம் இருந்தது. மேட்டுப் பக்கத்தில் ஒரு முறை ஆடிய அணி, அடுத்த முறை பள்ளத்துப் பக்கம் இறங்கியாக வேண்டும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், சரிவான நிலமே அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்த நியாயம் அது.

லீக் முறையின் ஆதார தத்துவமும் அதுவே. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரு முறை மோத வேண்டும்: ஒரு முறை தன் சொந்த மைதானத்தில், தன் ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே, இன்னொரு முறை எதிரியின் மைதானத்தில், எதிரியின் ஜனங்களுடைய கூச்சலுக்கு நடுவே. சொந்த மைதானம் மேடென்றால் அந்நிய மைதானம் பள்ளம்; இரண்டிலும் ஆடி முடித்தவனுக்கே தன் பலம் இன்னதென்று தெரியும். பத்து அணிகள் இருந்தால் அணிக்குப் பதினெட்டு ஆட்டங்கள் வீதம் மொத்தம் 90 ஆட்டங்கள். பதினான்கு அணிகள் இருந்தால் அணிக்கு இருபத்தாறு வீதம் 182. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை. கடைசியில் அதிகப் புள்ளி சேர்த்தவரே சாம்பியன். இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது.

கோப்பையோ வேறு ஜாதி. ஒரு நாள் ஆட்டத்தில் காற்றும் மழையும் கைகொடுத்தால் எளியவனும் வலியவனை வீழ்த்திவிடலாம். அதுதான் அதன் அழகு. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வானாராய்ச்சி நிலையத்தை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். நாம் மேலே சொன்ன அதே 1977-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் கோள் மறைத்துச் சென்ற சில மணி நேரத்தை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அக்கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொள்ள உதவிய பதிவுகளுள் அதுவும் ஒன்று. கோப்பை என்பது அத்தகைய ஓரிரவின் அற்புதம். ஆனால் ஒரு கோள் எந்தப் பாதையில், என்ன வேகத்தில் செல்கிறது என்று கணிக்க விரும்புகிறவன், மேகமற்ற இரவுகளில் எல்லாம் விழித்திருந்து வருஷக்கணக்கில் குறித்துவைக்க வேண்டும். லீக் என்பது அந்த விழிப்பு.

இங்கிலாந்தில் அந்த விழிப்பு 1888-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிரெகர் என்ற ஜவுளி வியாபாரியின் யோசனைப்படி பன்னிரண்டு கழகங்கள் கூடின. பிரஸ்டன் நார்த் எண்ட் அணி இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் முதல் பட்டத்தைப் பெற்றது. வியப்பு என்னவெனில், இந்தியாவின் முதல் கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பை தொடங்கியதும் அதே 1888-இல்தான். அதுவும் ஒரு மலையின்மேல், சிம்லாவில், பட்டாளத்து அணிகளுக்கிடையே. ஒரே வருஷத்தில் அங்கே லீக் பிறந்தது, இங்கே கோப்பை பிறந்தது. அங்கே பிறந்த முறை இங்கே தேசிய அளவில் வந்து சேர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையே கழிந்தவை சரியாக நூற்றெட்டு வருஷங்கள்.

இத்தனை தாமதத்துக்குக் காரணம், நகரங்களுக்குள் லீக்குகள் இல்லாமையன்று. கல்கத்தா லீக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. சென்னையிலும் பம்பாயிலும் கோவாவிலும் அவ்வவ்வூர் லீக்குகள் நடந்துவந்தன. அந்த ஊர் லீக்குகளின் செழிப்பே தேசிய லீக்குக்குத் தடையாயிற்று என்றும் சொல்லலாம். கல்கத்தா மைதானில் ஒரு லட்சம் கண்கள் தன்னைப் பார்க்கையில், இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து வேறோர் ஊரில் ஆயிரம் பேருக்கு முன்னால் ஆட எந்தக் கழகத்துக்கு மனம் வரும்? அன்றியும், பெரும்பாலான அணிகள் தொழிற்சாலைகளையும் வங்கிகளையும் அரசாங்க இலாகாக்களையும் சேர்ந்தவை; ஆட்டக்காரர் சம்பளப் பட்டியலில் குமாஸ்தாவாகவும் மைதானத்தில் வீரராகவும் இருந்தார். ஆறேழு மாதம் நாடெங்கும் சுற்றும் ஓர் ஏற்பாட்டை அத்தகைய அமைப்பு எளிதில் தாங்காது.

எனினும், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 1996 டிசம்பரில் தேசியக் கால்பந்து லீக்கைத் துவக்கியது. பன்னிரண்டு அணிகள் கலந்துகொண்ட அந்த முதல் பருவத்தில், பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலை அணி பட்டம் பெற்றது. சிக்கிமின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து அந்த அணிக்கு ஆடிய பைச்சுங் பூட்டியா என்ற இளைஞர், பதினான்கு கோல்களோடு அப்பருவத்தில் முதல்வராக விளங்கினார். இரண்டாம் பருவத்திலேயே இரண்டாம் பிரிவு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. மேலே கடைசியில் நின்றவர் கீழே இறங்குவதும், கீழே முதலில் நின்றவர் மேலே ஏறுவதுமான வழி அப்போது திறந்தது. வாசகர்கள் இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் கதை முழுவதும் அது திறந்ததும் அடைபட்டதுமான கதையே.

தமிழ்நாட்டின் பங்கும் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. சென்னையின் இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் இடம்பெற்று நம் மாநிலத்தின் பெயரைக் காத்துவந்தது. ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய ராமன் விஜயன் 1997-98 பருவத்தில் அதிக கோல் அடித்தவர் என்ற சிறப்பைப் பெற்றார். ஆயினும் பட்டம் என்னவோ இரண்டு பிரதேசங்களின் பரம்பரைச் சொத்துப்போல ஆகிவிட்டது. பதினொரு பருவங்கள் நடந்த தேசிய லீக்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மும்மூன்று முறை வென்று, ஆறு பட்டங்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோயின. டெம்போ இரண்டும் சல்காவ்கர் ஒன்றுமாக மூன்று பட்டங்கள் கோவாவுக்குப் போயின. ஜே.சி.டி.க்கு ஒன்று, மும்பையின் மகிந்திரா யுனைடெட்டுக்கு ஒன்று, கணக்கு அவ்வளவே.

2007-இல் பெயர் மாறிற்று. தொழில்முறைக் கழகங்களை வளர்க்க வேண்டுமென்ற நோக்கத்தோடு அதே லீக் ‘ஐ-லீக்’ என்ற புதுப் பெயரில் அவ்வாண்டு நவம்பரில் பத்து அணிகளுடன் தொடங்கியது. சில வருஷங்களில் அணிகள் பதினான்காயின. முதல் ஆறு பருவங்களிலும் பட்டம் கோவாவை விட்டு வெளியேறவில்லை: டெம்போ மூன்று, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு, சல்காவ்கர் ஒன்று. இதற்கிடையே பழைய ஆலை அணிகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. மகிந்திரா யுனைடெட் 2010-இலும், முதல் சாம்பியனான ஜே.சி.டி. 2011-இலும் கலைக்கப்பட்டன. அரங்குகளில் கூட்டமில்லை, தொலைக்காட்சியில் வருமானமில்லை, செலவு மட்டும் உண்டு என்பதே எல்லோருடைய புலம்பலும்.

இந்தப் புலம்பலுக்கு மருந்தாக எண்ணப்பட்ட ஒப்பந்தம் 2010 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. சம்மேளனம் தன் வர்த்தக உரிமைகளைப் பதினைந்து வருஷங்களுக்கு, எழுநூறு கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு அளித்தது. அந்த ஒப்பந்தத்தின் விளைவாக 2014 அக்டோபரில் பிறந்ததே இந்தியன் சூப்பர் லீக். நகரங்களின் பெயராலும் பிரதேசங்களின் பெயராலும் எட்டு அணிகள். சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் உரிமையாளர்கள். ஓய்வுபெறும் வயதில் வந்திறங்கிய ஐரோப்பியப் பெருந்தலைகள். இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான பருவம். அரங்குகள் நிரம்பின என்பதை மறுப்பதற்கில்லை. சென்னையைச் சேர்ந்த ‘சென்னையின் எஃப்.சி.’ அணி, ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த 2015 டிசம்பரில், அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புணேயில் ஆட நேர்ந்தும், இறுதியில் கோவாவைக் கோவாவிலேயே கடைசி நிமிஷங்களின் இரண்டு கோல்களால் 3-2 என வென்று பட்டம் பெற்றதைச் சென்னைவாசிகள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் இந்தப் புது லீக்கின் வீட்டுக்கு ஒரு வாசலே வைக்கப்படவில்லை. பணம் கட்டி இடம் வாங்கியவர் உள்ளே, மற்றவர் வெளியே. கடைசி இடத்தில் நின்றாலும் இறங்க வேண்டியதில்லை; கீழே எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் ஏறுவதற்குப் படியுமில்லை.

அடைபட்ட வழி எத்தகைய நஷ்டம் என்பதை விளக்கத் தர்க்கம் தேவையில்லை. பழைய லீக்கின் அந்திமக் காலமே இரண்டு சாட்சிகளை விட்டுச் சென்றிருக்கிறது.

முதல் சாட்சி ஒரு மலை நகரம். மிசோரம் மாநிலத்தின் தலைநகரான ஐசால், செங்குத்தான மலை முகடுகளின்மேல் வீட்டுக்குமேல் வீடாக அடுக்கிவைத்த ஊர். அவ்வூரின் ஐசால் எஃப்.சி. 2015-16 பருவத்தில் ஐ-லீக்குக்கு ஏறி வந்து, அதே பருவத்தில் கீழிறங்கவும் நேர்ந்தது. ஏற்றத்துக்கு வழியில்லாத ஏற்பாட்டை எதிர்த்துக் கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங் கழகமும் விலகிக்கொண்டதால் ஐசாலுக்கு மறுபடி இடம் கிடைத்தது. அப்படித் தயவால் திரும்பி வந்த அணி, காலித் ஜமீலின் பயிற்சியில், 2017 ஏப்ரல் 22 அன்று மோகன் பகானைத் தன் மலையில் ஒரு கோலால் வென்றது; எட்டு நாள் கழித்து, இன்னொரு மலை நகரமான ஷில்லாங்கில் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு சமன் செய்து, தேவைப்பட்ட அந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டது. ஐசால் 37 புள்ளி, மோகன் பகான் 36. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசிய லீக் பட்டத்தை வென்ற முதல் அணி, முந்தின வருஷம் தரமிறங்கிய அணி. இதை ஒரு கோப்பை சாதித்திருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்திருப்பார்கள். பதினெட்டு ஆட்டங்களில், மேட்டிலும் பள்ளத்திலும் ஆடிச் சேர்த்த புள்ளியை அதிர்ஷ்டம் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

இரண்டாம் சாட்சி நம்முடையது. சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னையும் இருப்பில் கோயம்புத்தூருமாக ஆடிய அணி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல் அடித்த முன்கள வீரர். அவரைச் சுற்றிலும் தமிழ்நாட்டின் கடற்கரைக் கிராமங்களிலும் சென்னைத் தெருக்களிலும் ஆடி வளர்ந்த பிள்ளைகள். 2019 மார்ச் 9, பருவத்தின் கடைசி நாள். சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கோயம்புத்தூர் நேரு அரங்கில் மினர்வா பஞ்சாபுடன் சென்னை சிட்டியும், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அரங்கில் அமர்ந்தவர்களுக்குக் கண் ஒரு மைதானத்திலும் காது இன்னொரு மைதானத்திலுமாக ஆயிற்று; இடைவேளை வரை அந்தக் கோலை ஈடுசெய்ய முடியவில்லை. இடைவேளைக்குப் பின் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அதன்பின் தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தும் பயனில்லை. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுக்கு வந்த முதல் தேசிய லீக் பட்டம் அது.

இப்படி வென்ற இரு அணிகளும் பிறகு எங்கே போயின? ஏறுவதற்கு மேலே படி இல்லாததால் இருந்த இடத்திலேயே நின்றன. 2017-18 முதல் இரண்டு லீக்குகளும் அக்கம்பக்கமாக நடக்க, பணமும் தொலைக்காட்சியும் ஒரு பக்கம், பழைய மரியாதை மட்டும் மறுபக்கம் என்றாயிற்று. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிய ஆசியக் கால்பந்து சம்மேளனம் வகுத்த திட்டப்படி சூப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலை லீக் என்ற தீர்ப்பாயிற்று. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-இல் அங்கே குடிபெயர்ந்தன. கோகுலம் கேரளா தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்றதோடு, 2021-22 பருவத்தில், முதல்நிலை லீக் என்ற ஐ-லீக்கின் ஆயுள் பதினைந்து பருவங்களில் முடிந்தது. சென்னை சிட்டியோ 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் தலைகாட்டவே இல்லை. தமிழகத்தின் முதல் ஐ-லீக் சாம்பியன் என்ற பெருமை, பட்டம் வென்று மூன்று வருஷம் முடிவதற்குள் பழங்கதையாயிற்று.

நியாயமாகச் சொன்னால், கோலாலம்பூர்த் திட்டம் ஒரு கதவைத் திறக்கத்தான் செய்தது. 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன், நுழைவுக் கட்டணமின்றி சூப்பர் லீக்கில் பிரவேசிக்கலாம் என்றாயிற்று. பஞ்சாப் எஃப்.சி. அவ்வழியே முதலில் ஏறிற்று. நூற்றாண்டு கண்ட முகம்மதன் ஸ்போர்ட்டிங் அடுத்து ஏறிற்று. சூப்பர் லீக்கும் தன் அமைப்பை மெல்ல மெல்ல லீக் தத்துவத்தின் பக்கம் திருப்பிக்கொண்டது: 2019-20 முதல் புள்ளிப் பட்டியலில் முதலில் நின்ற அணிக்குக் கேடயம் தரப்பட்டது; 2022-23 முதல் முதலிரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்குப் போக, மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரையிலான நான்கு அணிகள் தமக்குள் மோதி மற்ற இரண்டு இடங்களைப் பெற்றன. கேடயம் நீண்ட விழிப்புக்கு, கோப்பை ஓரிரவின் அற்புதத்துக்கு. இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்வதில் ஓர் இசைவு உண்டு.

ஆனால் கதவு ஒரு பக்கமே திறந்தது. பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைந்தபோது, அடுத்த பருவம் எப்போது, எவ்விதம் நடக்கும் என்று தெரியாமல் வீரர்களும் கழகங்களும் மாதக்கணக்கில் தவித்ததை நாம் கண்டோம். அந்தத் தவிப்பின் மூலகாரணம் பணம் என்று பலரும் எழுதினார்கள். பணந்தான், எனினும் பணத்துக்கும் முந்திய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வேர்விட்ட லீக்குகளில் ஒரு நிறுவனம் போனால் இன்னொரு நிறுவனம் வரும். கீழே நூறு கழகங்கள் மேலே பார்த்துக்கொண்டு நிற்பதால் லீக் சாவதில்லை. ஏறுவோம் என்ற நம்பிக்கையும் இறங்குவோம் என்ற பயமும் சேர்ந்துதான் ஒரு கழகத்தைக் கழகமாக வைத்திருக்கின்றன. அவ்விரண்டையும் எடுத்துவிட்ட இடத்தில் மிஞ்சுவது குத்தகை. குத்தகைக்கு ஒரு கடைசித் தேதி உண்டு.

சாமைக் கொல்லைக்குத் திரும்புவோம். இரண்டு ஆட்டங்கள் முடிந்து, கோல்களைக் கூட்டிப் பார்த்துச் சிறிது நேரம் சச்சரவும் செய்துகொண்ட பிறகு, ஓர் அணி பேசாமல் களத்தை விட்டு வெளியேறிற்று. வரப்பில் இருந்த ஏழு பேர் எழுந்து உள்ளே வந்தார்கள். பந்துக்குச் சொந்தக்காரன் வெளியேறிய அணியில் இருந்ததைக் கவனித்து, “பந்து உன்னுடையதாயிற்றே, நீ ஏனப்பா போகிறாய்?” என்று கேட்டேன். அந்தப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். “பந்து என்னுதுதான் சார். ஆனா தோத்துட்டோம் இல்ல? குந்தினு இருந்தவங்க ஆடணும்” என்று சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தான்.

2014 முதல் 2024-25 வரை இந்தியன் சூப்பர் லீக் பதினொரு பருவங்களை நடத்தி முடித்திருக்கிறது. அந்தப் பதினொரு பருவங்களில் கடைசி இடத்தில் நின்றதற்காக ஓர் அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை.